இணையச் சேவை நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணைய இணைப்புக்காக நாம் ஒரே ஒரு நிறுவனத்திற்குத்தான் பணம் கட்டுகிறோம். ஆனால் நாம் அனுப்பும் மின்னஞ்சலும் பார்க்கும் காணொளியும் அந்த நிறுவனத்தின் எல்லையைத் தாண்டி, நமக்குப் பெயர்கூடத் தெரியாத வேறு நிறுவனங்களின் கேபிள்கள் வழியாகவே பெரும்பாலும் வந்து சேர்கின்றன. அந்த நிறுவனங்கள் எங்கே சந்தித்துக்கொள்கின்றன, யார் யாருக்குப் பணம் தருகிறார்கள், தரவு செல்லும் பாதையைத் தீர்மானிப்பது எது என்பவை குறித்து வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் தரவு எப்போதும் மிகக் குறுகிய பாதையிலோ மிக வேகமான பாதையிலோ செல்லும் என்று பலரும் நம்புகிறார்கள்; உண்மையில் அந்தப் பாதையை முதலில் தீர்மானிப்பவை நிறுவனங்களுக்கு இடையிலான வணிக ஏற்பாடுகளே.

இணையம் முழுவதையும் ஒருங்கிணைக்கும் தலைமை அமைப்பு ஏதேனும் உண்டா?

இல்லை. தனித்தனியே நிர்வகிக்கப்படும் பல்லாயிரம் வலையமைப்புகள் சேர்ந்ததே இணையம். இணையச் சேவை நிறுவனம், பல்கலைக்கழகம், வங்கி, காணொளித் தளம் என எதுவாக இருந்தாலும், தன் பாதைகளைத் தானே தீர்மானிக்கும் வலையமைப்பு ஒவ்வொன்றும் ஒரு தன்னாட்சி அமைப்பாகக் கருதப்பட்டு அதற்கு ஓர் எண் தரப்படுகிறது; துறையில் இருப்பவர்கள் அதை ஏஎஸ் எண் என்பார்கள். முதலில் இந்த எண்கள் 16 பிட் அளவில் இருந்ததால் 65,536 எண்களே சாத்தியமாக இருந்தன. அவை போதாமற் போகும் நிலை வந்ததால் பின்னர் 32 பிட் எண்கள் நடைமுறைக்கு வந்தன. எண்களையும் ஐபி முகவரித் தொகுதிகளையும் ஆரின், ரைப் என்சிசி, ஏப்நிக், லாக்நிக், ஆஃப்ரிநிக் ஆகிய 5 வட்டாரப் பதிவகங்கள் வழங்குகின்றன. யார் யாரோடு இணைய வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் அவற்றுக்குக் கிடையாது.

இரண்டு நிறுவனங்கள் எந்தெந்த வகையில் இணைகின்றன?

அடிப்படையில் இரண்டே வகைகள்தான்: டிரான்சிட், பியரிங்.

டிரான்சிட் என்பது வாங்கி விற்கும் உறவு. வாங்கும் நிறுவனம் பணம் தருகிறது. விற்கும் நிறுவனம் இணையத்தின் எல்லா மூலைகளுக்கும் அதன் தரவைக் கொண்டுசேர்ப்பதாகவும், எல்லா மூலைகளிலிருந்தும் அதற்கு வரவேண்டியதைக் கொண்டுவருவதாகவும் பொறுப்பேற்கிறது. பியரிங் என்பது அப்படியன்று. இரு நிறுவனங்கள் நேரடியாக இணைந்து, தங்கள் சொந்த வலையமைப்புக்கும் தங்கள் வாடிக்கையாளர்களின் வலையமைப்புகளுக்கும் உரிய தரவை மட்டும் பரிமாறிக்கொள்கின்றன.

இந்த "மட்டும்" என்ற சொல்லில்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது. அ என்ற நிறுவனம் ஆ-வுடனும் இ-யுடனும் தனித்தனியே பியரிங் வைத்திருக்கிறது என்று கொள்வோம். இன்னின்ன முகவரிகளை ஆ-வின் வழியே அடையலாம் என்று அதனிடமிருந்து கற்ற பாதைகளை அ, இ-க்கு அறிவிக்காது. அறிவித்தால் ஆ-வுக்கும் இ-க்கும் இடையிலான தரவு முழுவதையும் அ தன் கேபிள்களில், தன் செலவில், யாரிடமிருந்தும் ஒரு காசு பெறாமல் சுமக்க நேரிடும். எனவே வாடிக்கையாளரிடமிருந்து கற்ற பாதை எல்லோருக்கும் அறிவிக்கப்படும். பியரிடமிருந்தோ டிரான்சிட் நிறுவனத்திடமிருந்தோ கற்ற பாதை வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே அறிவிக்கப்படும். இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டவருக்கு இணையப் பாதைகளின் விசித்திரங்களில் பெரும்பாலானவை விளங்கிவிடும்.

பியரிங் என்றால் முற்றிலும் இலவசமா?

தரவுக்குக் கட்டணம் இல்லை என்பதே அதன் பொருள். ரவுட்டர், அதன் போர்ட், கட்டடத்துக்குள் இழுக்கும் ஃபைபர், பரிமாற்ற மையத்தின் உறுப்பினர் கட்டணம் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. இரு தரப்பும் தங்கள் பங்குச் செலவைத் தாங்களே ஏற்கின்றன; அதற்கு ஈடாக, அந்தத் தரவுக்கு டிரான்சிட் நிறுவனத்திற்குத் தரவேண்டிய பணம் மிச்சமாகிறது. மிச்சம் செலவைவிட அதிகமாக இருக்கும்வரை பியரிங் லாபம்.

வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. பேக்கெட் கிளியரிங் ஹவுஸ் என்ற அமைப்பு 2011-இல் சுமார் 1,42,000 பியரிங் உறவுகளை ஆராய்ந்தபோது, அவற்றில் 99.5 விழுக்காட்டுக்கு எழுத்து வடிவ ஒப்பந்தமே இல்லை என்று தெரியவந்தது. இரு பொறியாளர்கள் மின்னஞ்சலில் பேசி ஒப்புக்கொண்ட ஏற்பாடுகளே அவை. 2016-இல் ஏறத்தாழ 19 லட்சம் உறவுகளை ஆராய்ந்தபோது இந்த விகிதம் 99.9 விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. உலகின் மிகப் பெரிய கட்டமைப்புகளில் ஒன்று வாய்ச்சொல்லின் நம்பிக்கையில் இத்தனை காலம் நடந்துவருவது, இத்துறையைக் கவனிப்பவர்கள் பெருமைப்பட வேண்டிய விஷயம் என்றே கருதுகிறேன்.

டிரான்சிட் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

மாதம் முழுவதும் கடந்துசென்ற ஜிபிக்களைக் கூட்டிக் கணக்கிடுவார்கள் என்று நினைப்பது இயல்பு. நடைமுறை வேறு. 5 நிமிடத்துக்கு ஒருமுறை அந்த இணைப்பின் சராசரி வேகம் குறித்துக்கொள்ளப்படுகிறது. 30 நாள் மாதத்தில் 8,640 அளவீடுகள் கிடைக்கும். அவற்றைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, மேலே உள்ள 5 விழுக்காட்டை, அதாவது 432 அளவீடுகளை நீக்கிவிட்டு, அடுத்து நிற்கும் அளவீட்டின்படி கட்டணம் விதிக்கிறார்கள். இதை 95ஆம் சதமானக் கணக்கு என்பார்கள்.

நீக்கப்படும் 432 அளவீடுகளைச் சேர்த்தால் 36 மணி நேரம். மாதத்தில் ஏதோ ஒரு நாள் முழுக்கப் போக்குவரத்து பொங்கி வழிந்தாலும் கட்டணம் உயராது. ஆனால் நாள்தோறும் மாலையில் 4 மணி நேரம் உச்சத்தைத் தொடும் நிறுவனத்துக்கு இந்தச் சலுகையால் பெரிய பயன் இல்லை; நாளொன்றுக்கு அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய 72 நிமிடக் கழிவுதான், மீதி உச்சநேரம் கட்டணத்தைத் தீர்மானித்துவிடும். வீட்டு வாடிக்கையாளர்களை நம்பி நடக்கும் நிறுவனங்கள் மாலைநேரக் காணொளிப் போக்குவரத்தை எப்பாடு பட்டாவது பியரிங்குக்கு மாற்றத் துடிப்பதற்கு இதுவே காரணம்.

முதல் அடுக்கு நிறுவனம் என்று யாரைச் சொல்கிறார்கள்?

யாரிடமும் டிரான்சிட் வாங்காமல், பியரிங் மூலமும் தன் வாடிக்கையாளர்கள் மூலமும் மட்டுமே இணையம் முழுவதையும் எட்டக்கூடிய நிறுவனத்தை. இந்தத் தகுதியை எந்த அமைப்பும் சான்றளித்து வழங்குவதில்லை. விளம்பரத்தில் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளும் நிறுவனங்கள் உண்மையில் அந்த நிலையில் இருப்பவற்றைவிட அதிகம். மேலும், அது தரத்துக்கான சான்றும் அல்ல.

இந்த இணைப்புகள் உண்மையில் எந்த இடத்தில் நடக்கின்றன?

பெரும்பாலும் எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் சார்பில்லாத தரவு மையங்களில். பல நிறுவனங்கள் அங்கே ரேக்குகளை வாடகைக்கு எடுத்துத் தங்கள் ரவுட்டர்களை வைத்திருக்கும். இரண்டு நிறுவனங்களுக்கு இடையே தரவு மிகுதியாக ஓடினால், ஒரு ரேக்கிலிருந்து மற்றொரு ரேக்குக்கு நேராக ஓர் ஃபைபர் இழுத்துவிடுகிறார்கள். கிராஸ் கனெக்ட் எனப்படும் இந்த மஞ்சள் நிற ஃபைபர், கண்டங்களைக் கடந்து வந்த தரவு கைமாறும் கடைசிச் சில மீட்டர்களாக இருக்கும்.

ஆனால் நூறு நிறுவனங்கள் இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் மற்ற அனைத்துக்கும் தனித்தனி ஃபைபர் இழுத்தால் 4,950 ஃபைபர்கள் தேவைப்படும். இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்குத்தான் இணையப் பரிமாற்ற மையம் இருக்கிறது.

பரிமாற்ற மையத்துக்குள் என்ன இருக்கிறது?

நினைப்பதைவிட எளிமையான ஒன்றுதான்: பல கேபிள்களில் வரும் தரவை உரிய கேபிளுக்கு மாற்றிவிடும் கருவியான மிகப் பெரிய ஈதர்நெட் ஸ்விட்ச், அல்லது பல தரவு மையங்களில் பரவி ஒரே ஸ்விட்ச் போல இயங்கும் ஸ்விட்ச்சுகளின் கூட்டம். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு போர்ட் எடுத்தால் போதும். அதன் வழியே அங்குள்ள எவருடனும் பியரிங் வைத்துக்கொள்ளலாம். பாதைகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மையம் செய்வதில்லை, அது உறுப்பினர்களின் ரவுட்டர்களுக்கு உரியது.

கேபிள் ஒன்றானாலும் ஒவ்வொருவருடனும் தனித்தனியே பிஜிபி அமர்வு, அதாவது ரவுட்டர்கள் பாதைகளை அறிவித்துக்கொள்ளும் தொடர்பு, அமைக்க வேண்டுமே என்ற தொல்லையைக் குறைக்க, மையங்கள் ரவுட் சர்வர் ஒன்றை நடத்துகின்றன. உறுப்பினர் தன் பாதைகளை அதற்கு ஒருமுறை அறிவித்தால், அது மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லிவிடும். ரவுட் சர்வர் வழியே செல்வது பாதை பற்றிய தகவல் மட்டுமே. தரவு ஸ்விட்ச்சின் வழியே நேராகவே செல்கிறது.

லண்டனில் லின்க்ஸ் 1994-இலும், பிராங்க்பர்ட்டில் டிஇ-சிக்ஸ் 1995-இலும் தொடங்கப்பட்டன. ஆம்ஸ்டர்டாமின் ஏஎம்எஸ்-ஐஎக்ஸும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்ததே. ஐரோப்பாவில் இத்தகைய மையங்கள் பலவும் உறுப்பினர்களே உரிமையாளர்களாக உள்ள, லாப நோக்கமற்ற அமைப்புகளாக வளர்ந்தன. அமெரிக்காவில் தரவு மைய நிறுவனங்களே வணிக நோக்கில் நடத்தும் முறை பரவியது. என் பார்வையில் முதல் முறையே மேலானது. எந்த ஓர் உறுப்பினரின் வணிக நலனுக்கும் மையம் கட்டுப்பட்டிருக்கக் கூடாது; கட்டுப்பட்டுவிட்டால் போட்டியாளர்கள் அங்கே வரத் தயங்குவார்கள்.

இந்த முறை எப்போது தோன்றியது?

1980களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க அரசின் நிதியில் இயங்கிய என்எஸ்எஃப்நெட் என்ற முதுகெலும்பு வலையமைப்பே பல வலையமைப்புகளை இணைத்துவந்தது. அதில் வணிகப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடுகள் இருந்ததால், வணிக நிறுவனங்கள் 1991-இல் தமக்கென ஒரு பரிமாற்ற ஏற்பாட்டைச் செய்துகொண்டன. 1995 ஏப்ரல் 30 அன்று என்எஸ்எஃப்நெட்டின் முதுகெலும்புச் சேவை நிறுத்தப்பட்டது. அன்றிலிருந்து நடுவில் ஒரு பொது வலையமைப்பு இல்லாமல், நிறுவனங்கள் தமக்குள் பேசி இணையும் இன்றைய முறையே நிலைபெற்றது.

ரவுட்டர் ஒரு பாதையை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

நிறுவனங்களின் ரவுட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் மொழி பிஜிபி. 1989-இல் கிர்க் லாஹீட், யாகோவ் ரெக்டர் ஆகியோர் உணவு இடைவேளையில் கைத்துடைப்பத் தாள்களில் வரைந்த திட்டத்திலிருந்து அது உருவானது. இன்று பயன்பாட்டில் இருப்பது அதன் 4ஆம் பதிப்பு. ஒவ்வொரு நிறுவனமும் "இந்த முகவரித் தொகுதியை என் வழியாக அடையலாம்" என்று அண்டை நிறுவனங்களுக்கு அறிவிக்கும். அறிவிப்பு கைமாறும்போது ஒவ்வொரு நிறுவனமும் தன் ஏஎஸ் எண்ணை அதில் சேர்த்துக்கொண்டே போகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். விளக்கங்களில் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண்களைக் கொள்வோம். 203.0.113.0/24 என்ற தொகுதி 64502 என்ற வலையமைப்புக்கு உரியது. நம் ரவுட்டருக்கு அதற்கு மூன்று பாதைகள் தெரியவந்துள்ளன. நம் வாடிக்கையாளர் தந்தது 64500, 64501, 64502 என்று மூன்று வலையமைப்புகளைக் கடக்கிறது. பியர் தந்தது 64510, 64502 என்று இரண்டைக் கடக்கிறது. டிரான்சிட் நிறுவனம் தந்ததும் 64511, 64502 என்று இரண்டைத்தான் கடக்கிறது. ரவுட்டர் எதைத் தேர்ந்தெடுக்கும்? பெரும்பாலும் முதலாவதை, அதாவது நீளமானதை. ஏனென்றால் பாதையின் நீளத்தைப் பார்ப்பதற்கு முன்பே, நிறுவனம் தானே எழுதிவைத்துள்ள முன்னுரிமை எண்ணை ரவுட்டர் பார்க்கிறது. வாடிக்கையாளர் வழியே செல்லும் தரவுக்குப் பணம் வரும், பியர் வழியே சென்றால் வரவும் இல்லை செலவும் இல்லை, டிரான்சிட் வழியே சென்றால் பணம் போகும். ஆகவே வாடிக்கையாளர் பாதைக்கு 200, பியருக்கு 100, டிரான்சிட்டுக்கு 50 என்பது போல எண்கள் கொடுக்கப்பட்டிருக்கும். எந்தப் பாதை வேகமானது, எதில் நெரிசல் உள்ளது என்பதெல்லாம் பிஜிபிக்குத் தெரியாது.

தரவு போகும் பாதையும் திரும்பும் பாதையும் ஏன் வெவ்வேறாக இருக்கின்றன?

இரு நிறுவனங்கள் பல நகரங்களில் இணைந்திருந்தால், தரவை அனுப்பும் நிறுவனம் தனக்கு மிக அருகிலுள்ள சந்திப்பிலேயே அதை மற்றவரிடம் ஒப்படைத்துவிடும். மீதித் தூரம் மற்றவரின் செலவு. பதில் அனுப்பும்போது அவரும் அதையே செய்வார். இதனால் போக்கும் வரவும் வெவ்வேறு நகரங்கள் வழியே நடக்கின்றன. இது கோளாறு அன்று.

அருகிலேயே பரிமாறிக்கொண்டால் வேகம் உண்மையில் கூடுமா?

கூடும். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. ஆகவே 100 கிலோமீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்ப 1 மில்லிநொடி ஆகும். ஒரே நகரில் உள்ள இரு நிறுவனங்கள் 8,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நகரில் இணைந்திருந்தால், பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பும் செய்திக்குப் பதில் வரக் குறைந்தபட்சம் 160 மில்லிநொடி ஆகும். இதை எந்தக் கருவியாலும் குறைக்க முடியாது.

கென்யாவின் அனுபவம் இதற்குச் சான்று. 2000ஆம் ஆண்டின் இறுதியில் நைரோபியில் பரிமாற்ற மையம் தொடங்கும்வரை, அந்நாட்டு நிறுவனங்களுக்கு இடையிலான தரவு வெளிநாடுகளுக்குச் சென்றே திரும்பியது. சர்வதேசப் போக்குவரத்தில் தனியுரிமை பெற்றிருந்த நிறுவனம் எதிர்ப்புத் தெரிவித்ததால், ஒழுங்குமுறை ஆணையம் மையத்தை மூடச் சொன்னது. சட்டப்படியான முயற்சிகளுக்குப் பின் 2002-இல் அது மீண்டும் இயங்கத் தொடங்கியது. 200 முதல் 600 மில்லிநொடி வரை இருந்த உள்நாட்டுத் தாமதம், மையத்தின் வழியே 2 முதல் 10 மில்லிநொடி வரை குறைந்ததாக இன்டர்நெட் சொசைட்டியின் ஆய்வு பதிவுசெய்துள்ளது. ஒரு நாட்டுக்குள் தொடங்கி அதே நாட்டுக்குள் முடியும் தரவு எல்லை தாண்டக் காரணமே இல்லை என்பதை ஒழுங்குமுறை ஆணையங்கள் இந்த ஒரு நிகழ்விலிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

பெரிய காணொளி நிறுவனங்கள் இதில் எங்கே வருகின்றன?

அவை இப்போது தாமே மிகப் பெரிய வலையமைப்புகளாகிவிட்டன. நெட்ஃபிளிக்ஸ் 2012-இல் ஓப்பன் கனெக்ட் என்ற திட்டத்தைத் தொடங்கி, பரிமாற்ற மையங்களில் இணைவதோடு, இணையச் சேவை நிறுவனங்களின் வளாகத்துக்குள்ளேயே தன் சேமிப்புச் சர்வர்களை வைக்க முன்வந்தது. கூகுளும் அவ்வாறே செய்கிறது. அதிகம் பார்க்கப்படும் காணொளிகள் அந்தச் சர்வர்களில் முன்கூட்டியே நிரப்பப்படுவதால், ஒரே படத்தை ஆயிரம் பேர் பார்த்தாலும் வெளியிணைப்பில் சுமை ஏறுவதில்லை.

நிறுவனங்களுக்கு இடையே தகராறு வந்தால் என்ன ஆகும்?

பயனர்கள் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். 2005 அக்டோபரில், டிரான்சிட் விற்கும் பெரிய நிறுவனமான லெவல் 3, தன்னைப் போலவே டிரான்சிட் விற்கும் கோஜென்ட்டுடனான பியரிங்கைத் துண்டித்தது. தரவு ஒரு பக்கமாகவே அதிகம் வருகிறது, ஆகவே சமமான பரிமாற்றம் இல்லை என்பது இத்தகைய தகராறுகளில் வழக்கமாக எழும் வாதம். இருவருமே மூன்றாவது நிறுவனம் ஒன்றின் வழியாக டிரான்சிட் பெற மறுத்ததால், இவ்விரண்டில் ஒன்றை மட்டும் நம்பியிருந்த வாடிக்கையாளர்கள் எதிர்த்தரப்பு வாடிக்கையாளர்களை அடையவே முடியவில்லை. அந்த மாத இறுதிக்குள் புதிய உடன்பாடு ஏற்பட்டது.

துண்டிக்காமலேயே அழுத்தம் தரும் வழியும் உண்டு: நிரம்பிவிட்ட இணைப்பை விரிவாக்காமல் விட்டுவிடுவது. அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான காம்காஸ்டின் வாடிக்கையாளர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் காணொளியின் தரம் இறங்கிக்கொண்டே போன பின்னணியில், 2014 பிப்ரவரியில் நேரடி இணைப்புக்குப் பணம் தர நெட்ஃபிளிக்ஸ் ஒப்புக்கொண்டது. தென்கொரியா 2016 முதல், தரவை அனுப்பும் வலையமைப்பு பணம் தர வேண்டும் என்ற விதியைச் சேவை நிறுவனங்களுக்கு இடையே நடைமுறைப்படுத்தியது. நேரலைக் காணொளித் தளமான ட்விட்ச் 2024 பிப்ரவரியில் அந்நாட்டிலிருந்து வெளியேறியபோது, வலையமைப்புக் கட்டணம் தாங்க முடியாத அளவில் இருப்பதையே காரணமாகக் கூறியது. தரவைக் கேட்டுப் பெறுபவர் தம் நிறுவனத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட நிலையில், அதே தரவுக்கு மறுமுனையிலும் கட்டணம் வாங்குவது முறையன்று என்பதே என் கருத்து.

ஒரு நிறுவனம் பொய்யான பாதையை அறிவித்தால்?

மற்றவர்கள் நம்பிவிடுவார்கள், பிஜிபியின் பெருங்குறை அது. 2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூபைத் தடுக்கும்படி வந்த அரசாணையை நிறைவேற்றப் பாகிஸ்தான் டெலிகாம் ஒரு பாதையை உருவாக்கியது. உள்நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டிய அந்த அறிவிப்பு, அதன் மேல்நிலை நிறுவனம், அதாவது அதற்கு டிரான்சிட் விற்ற நிறுவனம், வழியாக உலகம் முழுவதும் கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது 208.65.152.0/22, அதாவது 1,024 முகவரிகள் கொண்ட தொகுதி. கசிந்த அறிவிப்போ 208.65.153.0/24, அதற்குள் அடங்கிய 256 முகவரிகள். இரண்டு பாதைகள் பொருந்தும்போது குறுகிய தொகுதிக்குரியதையே ரவுட்டர்கள் எடுக்கும் என்பதால், உலகின் பெரும்பகுதியிலிருந்து யூடியூபுக்குப் போகவேண்டிய தரவு பாகிஸ்தானுக்குப் போனது. யூடியூப் அதே அளவிலும் பின்னர் இன்னும் சிறிய அளவிலும் தொகுதிகளை அறிவித்தது. மேல்நிலை நிறுவனம் தவறான பாதையை நீக்கியது. சுமார் இரண்டு மணி நேரத்தில் நிலைமை சீரானது.

இதைத் தடுக்க வழி இல்லையா?

இருக்கிறது. முகவரித் தொகுதியின் உரிமையாளர், "இதை அறிவிக்க இந்த ஏஎஸ் எண்ணுக்கே அனுமதி, இந்த அளவுக்குமேல் பிரித்து அறிவிக்கக் கூடாது" என்று வட்டாரப் பதிவகத்தின் வழியாக மின்கையொப்பமிட்டு வெளியிடலாம். ஆர்பிகேஐ எனப்படும் இந்த முறையின்படி சரிபார்க்கும் ரவுட்டர், பொருந்தாத அறிவிப்புகளை நிராகரித்துவிடும். 2008-இல் இது பரவலாக இருந்திருந்தால் மேற்சொன்ன கசிவு உலகை எட்டியிருக்காது. ஆயினும் இது பாதையின் தொடக்கப் புள்ளியை மட்டுமே சோதிக்கிறது. உண்மையான உரிமையாளரின் அறிவிப்பையே ஒரு நிறுவனம் தவறான திசையில் கசியவிட்டால் இது கண்டுகொள்ளாது. அதற்கு வாடிக்கையாளர் எந்தெந்தத் தொகுதிகளை அறிவிக்கலாம் என்ற வடிகட்டியை மேல்நிலை நிறுவனம் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். வடிகட்டி இல்லாமல் வாடிக்கையாளரை இணைப்பது மன்னிக்கத் தகாத அலட்சியம்.

மாலையில் என் இணைப்பு மெதுவாவதற்கு இந்தச் சந்திப்புகள் காரணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தரவு கடந்துசெல்லும் ரவுட்டர்களையும் அவற்றை எட்ட ஆகும் தாமதத்தையும் வரிவரியாகக் காட்டும் டிரேஸ்ரவுட் என்ற கணினிக் கட்டளையைக் காலையில் ஒருமுறையும் மாலை உச்சநேரத்தில் ஒருமுறையும் இயக்கிப் பாருங்கள். வழியிலுள்ள ரவுட்டர்களின் பெயரில் நிறுவனம் மாறும் வரியே சந்திப்பு. நடுவில் ஒரே ஒரு வரியில் மட்டும் தாமதம் எகிறி, அடுத்த வரிகளில் இறங்கிவிட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். ரவுட்டர்கள் இத்தகைய சோதனைச் செய்திகளுக்குப் பதில் தருவதைக் கடைசி வேலையாகவே வைத்திருக்கின்றன. நிறுவனம் மாறும் வரியில் ஏறிய தாமதம் இறுதி வரி வரை இறங்காமல் நீடித்து, காலையில் அது காணாமற் போயிருந்தால், அந்தச் சந்திப்பிலோ பதில் திரும்பிவரும் பாதையிலோ நெரிசல் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு முடிவுகளையும் நேரத்துடன் சேர்த்து உங்கள் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். "இணையம் மெதுவாக இருக்கிறது" என்ற புகார் வாடிக்கையாளர் சேவையோடு நின்றுவிடும். இந்த விவரங்கள் உள்ள புகார், இணைப்பை விரிவாக்கும் அதிகாரம் உள்ள வலையமைப்புப் பொறியாளரிடம் போய்ச் சேரக்கூடியது.